உஷார்! அது பொம்மை இல்லை, கத்தி

சுவிட்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிற சித்தப்பா, மாமாமார்களின் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடுத்தபடியாக எதிர்பார்க்கப்படும் பொருள் ஒன்று உண்டு. மடக்குக் கத்தி. முன்பெல்லாம் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக வரும். இப்போது சில வீடுகளுக்கு வேறொரு ரகம் வந்து இறங்குகிறது. நீலம், ஊதா, பச்சை என்று மினுமினுக்கும் அலுமினியப் பிடி. அதைக் கொடுக்கும்போதே கதையும் சொல்லிக் கொடுப்பார்கள். “இது குடிச்சுப்போட்டு எறிஞ்ச கோப்பிக் குப்பியில செய்ததடா தம்பி!” வீடே கூடிப் பார்க்கும். கைக்குக் கை மாறும். ஐந்து வயதுக் குழந்தையும் ஒரு தடவை வாங்கிப் பார்க்கும்.

பயப்பட வேண்டிய இடம் அதுதான். தேங்காய் வெட்டும் அரிவாளைக் குழந்தை கையில் யாரும் கொடுப்பதில்லை. ‘பசுமை’, ‘மறுசுழற்சி’ என்ற பெயரோடு வரும் கத்தியை மட்டும் ஏனோ கத்தியாகவே நினைப்பதில்லை.

கதை என்னவோ உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷ்விஸ் மாநிலத்தின் இபாக் என்ற சிற்றூரில் 1884-ல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891-லேயே சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த நிறுவனம். நெஸ்பிரெசோ மெஷினில் போட்டுப் பிழிந்த அலுமினியக் காபிக் குப்பிகளைத் திரட்டி, உருக்கி, தகடாக்கி, தங்களுடைய ‘பயனியர்’ ரகக் கத்திக்குப் பிடியாகப் போட்டு, குறைந்த எண்ணிக்கையில் அவ்வப்போது வெளியிடுகிறார்கள். பாக்சைட்டிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு போதும், பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்த. நல்ல காரியம். உடைந்த ஸ்கேட்போர்டுப் பலகையை அறுத்துப் பிடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜீன்ஸ் துணியை ரெசினில் நனைத்து அடுக்கி, அழுத்திப் பலகையாக்கிப் பிடி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனால் பிடி எதிலிருந்து வந்தது என்பது விரலுக்குத் தெரியாது. விமான நிலைய ஸ்கேனருக்கும் தெரியாது. லண்டன் போலீஸ்காரருக்கும் தெரியாது.

முதலில் விரலைப் பார்ப்போம்.

பயனியர் போன்ற மடக்குக் கத்திகளில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகுப் பக்கம் ஓர் எஃகுப் பட்டை ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. விரிந்த பிளேடின் அடியை அது அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. ஆப்பிளை நறுக்குகிறீர்கள், கயிறு அறுக்கிறீர்கள் என்றால் கவலையில்லை. கூர்வாயின் மேல் விழும் அழுத்தம் பிளேடை இன்னும் விரியத்தான் தள்ளும். விசை திசை மாறினால்தான் விபரீதம். முனையால் குத்தும்போது, சிக்கிய பிளேடை ஆட்டிப் பிடுங்கும்போது, பிளேடின் முதுகில் தட்டும்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். பிளேடு மடங்கும். மடங்குகிற வழியில் இருப்பது பிடியைச் சுற்றி வளைத்திருக்கும் உங்கள் நான்கு விரல்கள்.

நம் வீடுகளில் இது நடக்க வாய்ப்புள்ள இடம் தேங்காய் மூடி. அவசரத்துக்கு அரிவாள்மனை எட்டவில்லை, புதுக்கத்தி மேசையில் பளபளவென்று கிடக்கிறது. இடது உள்ளங்கையில் மூடியை வைத்துக்கொண்டு, கொட்டாங்கச்சிக்கும் பருப்புக்கும் இடையே முனையைச் செருகி, ஒரு நெம்பு. பருப்பு அசையாது. இன்னும் ஆழமாகக் குத்தி, மணிக்கட்டைத் திருப்பி இன்னொரு நெம்பு. முனை பருப்பில் மாட்டிக்கொண்டு நிற்க, பிடி மட்டும் திரும்புகிறது. டக்கென்று பிளேடு மடிகிறது. முனை வழுக்கினாலோ நேரே இடது உள்ளங்கை. கத்தி புதுசு, தீட்டிய வாய் அப்படியே இருக்கிறது. வலி தெரிவதற்கு முன் ரத்தம் தெரியும். பருப்பைப் பெயர்க்க மொட்டை முனைக் கத்தியோ, தட்டையான ஸ்பூன் காம்போ போதும். கூரான மடக்குக் கத்தியை அங்கே கொண்டுபோகவே கூடாது.

பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, ஸ்குரூ திருகுவது, பிளக்கில் சிக்கிய கம்பியைக் கிளறுவது எல்லாம் இதே வகைதான். கம்பி விஷயத்தில் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் பிடிக்குப் பழகிய கை, இந்த அலுமினியப் பிடியையும் அதே தைரியத்தோடு மின்சாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். அலுமினியத்தில் மின்சாரம் ஜோராகப் பாயும்.

பூட்டு உள்ள கத்திகளும் உண்டு. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். பிளேடை விரித்து வளையத்தைத் திருப்பினால் மடங்காது. 1955-ல் வந்த ஏற்பாடு, இன்றும் இருக்கிறது. விக்டோரினாக்ஸிலேயே 111 மில்லிமீட்டர் நீளமுள்ள பெரிய ரகங்களில் பூட்டு வருகிறது. அடிக்கடி முனையால் வேலை செய்கிறவர்கள் பூட்டுள்ளதைத்தான் வாங்க வேண்டும். வாங்கினாலும், மூட்டில் மணலும் மாங்காய்ப் பாலும் அடைந்திருந்தால் பூட்டு பாதியில் நின்றுவிடும் என்பது நினைவிருக்கட்டும். வெந்நீர், சோப்பு, பழைய டூத் பிரஷ், துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய். அலுமினியப் பிடி என்றால் பாத்திரம் கழுவும் மெஷினில் மட்டும் போடாதீர்கள். அந்தச் சோப்பின் காரம் பிடியின் வண்ணப் பூச்சைத் தின்றுவிடும்.

வெட்டுப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதலில் ஓடிவருவது மருத்துவம் இல்லை, காபித்தூள் டப்பா. அடுத்தது மஞ்சள்தூள். அதற்கும் அடங்காவிட்டால் சுண்ணாம்பு. தயவுசெய்து எதையும் அப்பாதீர்கள். காபிக் குப்பிக் கத்தி வெட்டினாலும் காபித்தூள் மருந்தாகாது. அப்பியதையெல்லாம் காயத்துக்குள்ளிருந்து கழுவி எடுப்பதுதான் டாக்டருக்கு முதல் வேலையாகிவிடும். ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து இறுக்கிப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவையுங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும்.

ரத்தம் நின்றுவிட்டது, சின்னக் கீறல்தான் என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. விரலை மடக்குவதற்குத் தசைநாண்கள் இருக்கின்றன, கட்டைவிரல் தவிர மற்ற விரல்களில் இரண்டிரண்டு. உள்ளங்கைப் பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. கூரான சிறு கத்தி தோலில் ஒரு சென்டிமீட்டர்தான் கிழித்திருக்கும், உள்ளே நாணை அறுத்திருக்கும். அறுந்த நாண் அங்கேயே காத்துக்கொண்டிருக்காது. உள்ளங்கையை நோக்கிச் சுருண்டு போய்விடும். அதனால் ரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலின் நுனியையும் தனித்தனியாக மடக்கிப் பாருங்கள். நுனியின் இரு பக்கமும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நுனி மடங்கவில்லை, ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றால் தெருமுனை கிளினிக்கில் இரண்டு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதல்ல காரியம். கை அறுவை சிகிச்சை தெரிந்த இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே பேர்போன தனித் துறை இருக்கிறது. நாட்கள் கடந்துவிட்டால் ஒரே தையலில் முடியக்கூடியது இரண்டு ஆபரேஷனாகும், பல மாதப் பயிற்சியாகும். டெட்டனஸ் ஊசியையும் மறக்கக் கூடாது.

அடுத்து விமான நிலையம். கத்திக் கதைகளில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏமாறுவதும் விதியை மீறி அல்ல, விதியைப் படித்துவிட்டு.

ஐரோப்பிய விமான நிலைய விதிப்படி, ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளேடு உள்ள கத்திதான் கைப்பையில் தடை. சூரிக்கிலும் அதே அளவுகோல்தான். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியின் பிளேடு நாலு சென்டிமீட்டர் அளவே இருக்கும். அதனால் பாதுகாப்புச் சோதனையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ‘பார்த்தாயா, இதற்கெல்லாம் பிரச்னையே இல்லை’ என்று நம் ஆள் நிமிர்ந்து நடப்பார். விமானம் வளைகுடாவில் நிற்கும். அங்கே மாறுகிறவர்களுக்கு மறுபடியும் சோதனை. அங்கேயும் ஆறு சென்டிமீட்டர் கணக்குச் செல்லும் என்று நம்பிவிட முடியாது, கத்தி என்றால் கத்திதான் என்று நிறுத்திவிட்டால் போச்சு. எடுத்துப் பெட்டியில் போடலாமென்றால் பெட்டி ஏற்கெனவே விமானத்தின் வயிற்றுக்குள் போயாயிற்று. கத்தி பறிபோகும். நல்ல வேளையாக அதைத் தாண்டி வந்தவர், டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்கும்போது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் மாட்டுவார். இந்திய விமானங்களில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை.

காபிக் குப்பிப் பிடி போட்ட பயனியர் ரகம் இன்னும் மோசம். மடக்கிய நிலையில் 93 மில்லிமீட்டர். பிளேடு ஏழு சென்டிமீட்டரை ஒட்டி வரும். சூரிக்கிலேயே கைப்பையில் செல்லாது. ‘சின்னப் பேனாக்கத்திதானே’ என்று கண்ணளவில் முடிவு செய்கிறவர்கள் ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2001 செப்டம்பர் 11-க்கு முன்பு அமெரிக்க விமானங்களில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த பிளேடுகளைக் கையோடு கொண்டுபோக விட்டார்கள். அந்த நாளோடு அது முடிந்தது. விமானக் கடைகளில் விற்பனை நின்று, விக்டோரினாக்ஸின் வியாபாரமே முப்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்கா ஆறு சென்டிமீட்டர் வரை மறுபடி அனுமதிக்கலாம் என்று அறிவித்தது. விமானப் பணிப்பெண்கள் சங்கங்கள் கொதித்தெழ, ஜூன் மாதமே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். ஆகவே, அமெரிக்கா வழி போகிறவர்களும் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தெருவில் நிலைமை இன்னும் சிக்கல். விரலுக்கு நல்லது என்று மேலே சொன்னேனே அந்தப் பூட்டு, பிரிட்டனில் அதுவே வினை. அங்கே 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 139-வது பிரிவு, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. விலக்கு, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவாய் உள்ள மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டும். பூட்டு விழும் கத்தி, பிளேடு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்த விலக்குக்குள் வராது என்று நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. நான்கு ஆண்டு வரை சிறை போகலாம். ‘தற்காப்புக்கு வைத்திருந்தேன்’ என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது நல்ல காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது. லண்டனில் படிக்கப் போகும் பிள்ளைக்கு ‘ஆபத்துக்கு இருக்கட்டும்’ என்று பெட்டியில் கத்தி வைத்து அனுப்பும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக இன்னொரு முறை படிக்கவும்.

ஜெர்மனியில் ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்திகளைக் காரணமில்லாமல் வெளியில் கொண்டுபோக 2008 முதலே தடை. 2024 ஆகஸ்டில் ஸோலிங்கன் நகரத் திருவிழாவில் மூன்று பேர் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஸோலிங்கன் கத்திக்கே பேர்போன ஊர் என்பது கொடுமை. அதற்குப் பிறகு பொதுத் திருவிழாக்களிலும் தொலைதூர ரயில்களிலும் கத்திக்குத் தடை வந்தது. ஜப்பானில் ஆறு சென்டிமீட்டர் தாண்டிய பிளேடுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். நாடுகள் இப்படி இறுக்கிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் 2024-ல் விக்டோரினாக்ஸ் தலைவர் கார்ல் எல்செனர், பிளேடே இல்லாத பாக்கெட் கருவி ஒன்றைத் தயாரிக்கும் யோசனை இருப்பதாகச் சொன்னார். பட்டறை தொடங்கியவரின் பெயரையே தாங்கும் வாரிசு அப்படிச் சொல்கிறார் என்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருபவை ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகள். வீட்டு வேலை, விவசாயக் கருவிகளுக்கு அதிலும் விலக்கு. பேனாக்கத்திக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பட்டனை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி வேறு. டெல்லியில் அவற்றுக்கென்றே தனித் தடை அறிவிக்கை இருக்கிறது. சென்னை மெட்ரோ வாசலில்கூட உங்கள் பை ஸ்கேனருக்குள் போய்த்தான் வெளியே வருகிறது.

இதைவிட முக்கியம், கைகலப்பு. பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை, பைக் உரசியதற்குச் சண்டை. வெறுங்கையால் அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 115-வது பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு. அதே காயம் வெட்டும் கருவியால் என்றால் 118-வது பிரிவு, மூன்றாண்டு வரை. காபிக் குப்பிப் பிடி என்பதால் நீதிமன்றம் எதையும் கழித்துக்கொள்ளாது. பாக்கெட்டில் இல்லாத கத்தியைக் கோபத்தில் யாரும் உருவ முடியாது. தினமும் பாக்கெட்டில் கத்தியோடு திரிய வேண்டிய வேலை உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா?

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து உடன்படித்தவர்களே அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் பள்ளிப் பையில் கத்தி இருப்பதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ‘சுவிஸ் சித்தப்பா கொடுத்தது, கலர் பென்சில் சீவ வைத்திருந்தான்’ என்ற விளக்கமெல்லாம் போலீஸ் வந்த பிறகு எடுபடாது. பென்சிலுக்கு ஷார்ப்னர் இருக்கிறது.

கடைசியாக, அந்தப் பிடிக்கும் ஒரு வார்த்தை. மறுசுழற்சிப் பிடியை வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. பாட்டில் மூடிகளை அடுப்பில் உருக்கி, அச்சில் அழுத்தி, சாணையில் உரசினால் பிடி தயார் என்கிறார்கள். மூடிகளோடு பழைய பி.வி.சி. பைப் துண்டு ஒன்று தவறிச் சேர்ந்தால், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணும் நுரையீரலும் எரியும். சமையலறையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ரெசின் பலகையை உரசும்போது கிளம்பும் தூசும் சாதாரணத் தூசு அல்ல. நல்ல மாஸ்க் இல்லாமல் உட்காரக் கூடாது.

பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பிடிகளைப் பற்றியும் பயமுறுத்தல்கள் உலவுகின்றன. பழைய டி.வி., கம்ப்யூட்டர் பெட்டிகளை அரைத்த பிளாஸ்டிக்கில் தீத்தடுப்பு ரசாயனங்கள் இருப்பது உண்மை. 2024-ல் கறுப்புச் சமையல் கரண்டிகளை ஆராய்ந்து உலகையே உலுக்கிய கட்டுரையில் ஒரு பெருக்கல் பிழை இருந்ததும் உண்மை. 7,000-ஐ 60-ஆல் பெருக்கி 4,20,000 என்று எழுத வேண்டியதை 42,000 என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஆபத்து பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பிறகு திருத்தினார்கள். எனவே பிடியைத் தொட்டதும் நோய் வந்துவிடும் என்று அலற வேண்டாம். ஆனால் எந்தப் பிளாஸ்டிக், எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாத கத்தியால் குழந்தைக்குப் பழம் நறுக்கிக் கொடுக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட மலிவுக் கத்திகளில் பிடியைவிட மோசம் மூட்டு. வாங்கும் முன் பிளேடை முழுதாக விரித்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், விரிக்கவும் மடக்கவும் நடுவில் எதிர்ப்பே இல்லாமல் தொங்கினால், அந்த ஸ்பிரிங் உங்கள் விரலைக் காக்கப் போவதில்லை. வாங்காதீர்கள்.

பரிசாகக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தியைத் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் துணிமணிக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். கொடுக்கும்போது பெரியவர்கள் கையில் கொடுங்கள். பூட்டு உண்டா இல்லையா என்பதை விரித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் அதைப் பூட்டும் அலமாரியில் வையுங்கள், ஷோகேஸில் வேண்டாம். இந்த மாதம் விமான டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? பேப்பரைக் கீழே வைத்துவிட்டு இப்போதே போய்க் கைப்பையின் பக்க ஜிப்பையும் சாவிக்கொத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.